பெயர் தெரியாத நாவலைச் சீட்டில் எப்படி எழுதிக் கேட்பது?

எங்கள் கிளை நூலகத்தின் நாவல் அலமாரிகளை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்ட அதிகாரிகளுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படித்து முடித்த 3 நாவல்களைப் பையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் நிற்க வேண்டிய 8 இரும்பு அலமாரிகளையும் காணோம். அந்த இடத்தில் நீளமாக பிளாஸ்டிக் மேசைகள், நாற்காலிகள், சுவரில் ஓர் இந்திய வரைபடம். தரையில் அலமாரிக் கால்களின் துரு மட்டும் புள்ளிக்கோலம் மாதிரி படிந்திருந்தது. தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நாவல்கள் மாடி அறைக்கு மாற்றப்பட்டுள்ளன, தேவைப்படுவோர் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மறுநாள் எடுத்துத் தரப்படும்.

சரி என்று ஒரு சீட்டை வாங்கினேன். பேனாவைத் திறந்துவிட்டு நின்றேன். பின்னால் நின்றவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். என்ன எழுதுவது? எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு கொலைக் கதை, ஏதாவது சின்ன ஊரில் நடப்பதாக, முதல் பக்கத்திலேயே பிணத்தைப் போட்டுவிடாமல் கொஞ்சம் நிதானமாகப் போகிற மாதிரி. அதற்கு என்ன பெயர், யார் எழுதியது, எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அது நான் ஏற்கெனவே படித்த நாவலாகத்தான் இருக்கும். வெற்றுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 28 வருஷத்தில் அந்த நூலகத்திலிருந்து வெறும் பையோடு வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான்.

எந்தக் கிளை என்று இங்கே எழுதவில்லை, வட சென்னை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுதினால் விளக்கம் கேட்டு முதல் மெமோ போவது அங்கே இருக்கும் நூலகர் அம்மாவுக்குத்தான். இந்த முடிவை அவர் எடுக்கவில்லை. உத்தரவு எங்கிருந்து வந்ததோ அங்கே இருப்பவர்களுக்கு எந்தக் கிளை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் படிக்கிற பாதிப் பேர் என்னைத் திட்டுவார்கள். குரூப் 4, குரூப் 2 எழுதும் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் அக்கா மகன் இரண்டு வருஷம் அதே நூலகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்துதான் படித்தான். ஓர் அறையும் சமையல்கட்டுமாக ஐந்து பேர் இருக்கும் வீட்டில், சாயங்காலம் ஆனால் டிவி அலறும் வீட்டில், மின்விசிறிக்கு அடியில் ஒரு மேசை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். என் சண்டை மேசையோடு இல்லை. மேசை வருவதற்காக அலமாரி ஏன் மாடிக்குப் போக வேண்டும்? அந்தக் கூடத்தின் வடக்குச் சுவர் ஓரம் இன்றைக்கும் காலிதான். உடைந்த நாற்காலிகளும் பழைய செய்தித்தாள் கட்டுகளும்தான் அங்கே கிடக்கின்றன. அடி வைத்து அளந்து பார்த்தேன், 14 அடி. நான்கு அலமாரி தாராளமாக நிற்கும்.

இதில் என்னைச் சிரிக்க வைத்த விஷயமும் ஒன்று இருக்கிறது. பொதுத்தமிழ் வினாத்தாளில் நூலையும் நூலாசிரியரையும் பொருத்தச் சொல்லும் கேள்வி வெகுகாலமாக உண்டு. அந்தப் பிள்ளைகள் நாவல்களின் பெயரையும் எழுதியவர் பெயரையும் சத்தமில்லாமல் வாயசைத்து மனப்பாடம் செய்கிறார்கள். அந்த நாவல்கள் அவர்கள் தலைக்கு நேர் மேலே, மாடி அறையில், சணல் கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. குரூப் 2 படிக்கும் பையன் ஒருவன் முன்பெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அலமாரிப் பக்கம் வந்து நிற்பான். "ஆன்ட்டி, சீக்கிரம் முடியிற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்பான். பத்துப் பக்கம் நின்றுகொண்டே படித்துவிட்டுத் திரும்பப் போய் உட்காருவான். இப்போது அந்தப் பத்து நிமிஷத்தில் வாசலில் நின்று ஃபோனைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

நாவல் படிக்கிறவர்கள் அடுத்த நாவலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தச் சீட்டு முறையே வந்திருக்காது. அதனால் நானே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை அடையாறில், ஒரு தனியார் கிளினிக்கில் பில் போடும் வேலை. பெரம்பூரில் 29சி ஏறினால் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றரை. உட்கார இடம் கிடைத்துவிட்டால் நாவல்தான். வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று, வருஷத்துக்கு 100-க்கு மேல் போகும். எல்லா வகையும் பிடிக்கும், ஆனால் எல்லா வகையும் எல்லா நேரமும் பிடிக்காது. மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்போது துப்பறியும் கதைதான் வேண்டும். எல்லாக் குழப்பத்தையும் யாரோ ஒருவர் கடைசி அத்தியாயத்தில் நேர் செய்து கொடுப்பது அப்போது ரொம்பத் தேவையாக இருக்கும். மழைக்காலத்தில் பேய்க்கதை. சரித்திர நாவல் பொங்கல் விடுமுறைக்கு, ஏனென்றால் அது மூன்று பாகம் ஐந்து பாகம் என்று வரும், நடுவில் விட்டால் யார் எந்த நாட்டு ஒற்றன் என்பது மறந்துபோகும். குடும்பக் கதைக்கு மனசு நன்றாக இருக்க வேண்டும். வீட்டிலேயே சண்டை நடக்கிற வாரத்தில் நாவலிலும் ஒரு நாத்தனாரா என்று இருக்கும்.

ஆக, நூலகத்துக்குள் நுழையும்போது எனக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று தெரியாது, எந்த மாதிரி வேண்டும் என்றுதான் தெரியும். சில நாள் அதுகூடத் தெரியாது. அலமாரி முன்னால் நின்றால் கை முதலில் முதுகு நைந்த புத்தகத்துக்குப் போகும். நாலு பேர் எடுத்திருந்தால்தான் முதுகு நையும். அப்புறம் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்ப்பேன். ஊதா மை முத்திரைகள் நெருக்கமாக, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று விழுந்திருந்தால் ஒருவர் திருப்பிக் கொடுத்த கையோடு இன்னொருவர் எடுத்துப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நாலைந்து வருஷம் ஒரு முத்திரையும் இல்லாமல் கிடந்துவிட்டு திடீரென்று அடுத்தடுத்து மூன்று முத்திரை என்றால் அதை நான் விடவே மாட்டேன். யாரோ தற்செயலாக எடுத்துப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எடுத்த நாவல்கள் என்னை ஏமாற்றியது குறைவு. பின்னட்டையை நம்பி எடுத்து ஏமாந்த கணக்கு வேறு. தமிழ் நாவல்களின் பின்னட்டையில் ஆசிரியர் வாங்கிய விருதுகள் இருக்கும், அவர் பிறந்த ஊர் இருக்கும், உள்ளே இருப்பது கொலையா பேயா காதலா என்பது மட்டும் இருக்காது.

பென்சில் குறிப்புகளும் உண்டு. நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாதுதான், நான் எழுதியதில்லை, ஆனால் எழுதியவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். "அருமை." "சுமார்." "80-ஆம் பக்கத்துக்கு மேல் அறுவை." ஒருவர், கையெழுத்தைப் பார்த்தால் வயதானவராக இருக்க வேண்டும், துப்பறியும் நாவல்களில் தாம் குற்றவாளியைக் கண்டுபிடித்த பக்கத்தில் ஓரமாகத் தேதி போட்டு வைப்பார், பெயரைச் சொல்லிக் கெடுக்க மாட்டார். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் போட்டி போட்டிருக்கிறேன், பெரும்பாலும் தோற்றிருக்கிறேன். எங்கள் தெரு மாமி ஒருவர், படித்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க 17-ஆம் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். மாமியின் ரசனை எனக்குத் தெரியும். 17-ஆம் பக்கத்தில் புள்ளியைப் பார்த்தால் இதில் அழுகை ஜாஸ்தி என்று திரும்ப வைத்துவிடுவேன்.

நூலகர் அம்மா மாற்றலாகி வந்த புதிதில் நாவல்கள் எல்லாம் ஆசிரியர் பெயர் வரிசையில் இருந்தன. பெயர் தெரிந்து வருகிறவர்களுக்கு அது சௌகரியம், எங்களைப் போன்றவர்களுக்குக் கண்ணைக் கட்டி விட்டது மாதிரி. அவர் நாங்கள் தடுமாறுவதை ஒரு மாதம் பார்த்துவிட்டு, தம் கைக்காசில் வட்ட ஸ்டிக்கர் வாங்கிவந்து முதுகில் ஒட்டினார். துப்பறிதலுக்குச் சிவப்பு, சரித்திரத்துக்கு மஞ்சள், மொழிபெயர்ப்புக்குப் பச்சை. பேய்க்குக் கறுப்பு கேட்டோம், கடையில் கிடைக்காததால் நீலம். குடும்பக் கதைக்கு ஸ்டிக்கர் இல்லை, மிச்சமெல்லாம் அதுதான். இரண்டு வகையும் கலந்திருந்தால் இரண்டு ஸ்டிக்கர். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தவை, அதாவது ராஜா காலத்துக் கொலைகள், மொத்தமே நான்குதான் இருந்தன. நான்கையும் ஒரே தையில் முடித்தேன்.

ஒரு நாள் நீல வரிசையில் ஸ்டிக்கர் உரிந்துபோன புத்தகம் ஒன்று இருந்தது. அட்டையில் இருட்டுக்குள் ஒரு பழைய வீடு. பேய்க்கதைதான் என்று எடுத்துவந்தேன். பேருந்து பாதி வழி தாண்டியும் பேய் வரவில்லை. பார்த்தால் அது வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்த நாவல், ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக நொடித்துப்போகிற கதை. கையில் கொடுத்துப் படி என்று சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு அடையாறில் இறங்க மறந்து பெசன்ட் நகர் வரை போய், வேலைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் பச்சை ஸ்டிக்கர்தான். வங்காளம், மலையாளம், கன்னடம், மராத்தி. சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் இத்தனை காலமாக இந்த மொழிகளின் நாவல்களைத் தமிழில் போட்டுக்கொண்டிருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த முதல் நாவலை உங்கள் சீட்டில் நான் என்ன பெயர் எழுதிக் கேட்டிருப்பேன்?

நான் அனுப்பிய மனுவுக்குப் பதிலாக உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "நாவல்தானே மேடம், இப்ப எல்லாம் ஃபோன்லயே கிடைக்குதே" என்றார்.

கிடைக்கிறது. நானும் ஃபோனில் படித்திருக்கிறேன், அதை மட்டம் என்று சொல்ல மாட்டேன், நடுராத்திரியில் தூக்கம் வராதபோது அதுதான் துணை. ஆனால் ஒரு பேய்க்கதையைத் திறந்தால் மறுநாள் காலையில் 30 பேய்க்கதையை நீட்டுகிறது. எனக்குப் பேயைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது என்று அதுவாக முடிவு கட்டிவிடுகிறது. நான் வங்காள ஆற்றங்கரைக்கு வழி தவறிப் போக அங்கே இடமே இல்லை. அப்புறம், எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். 17-ஆம் பக்கத்துப் புள்ளி மாமிக்குக் கண்புரை அறுவை செய்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவரிடம் போய் ஃபோனில் படியுங்கள் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

வாங்கிப் படிக்கலாமே என்றும் கேட்பீர்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வருஷம் தவறாமல் போகிறேன். அங்கே கடைகள் பதிப்பகவாரியாக இருக்கும். பேய்க்கதை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கடைகளையும் ஏறி இறங்க வேண்டும், இரண்டாவது வரிசை முடிவதற்குள் கால் வலித்து பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்துவிடுவேன். 10 சதவீதத் தள்ளுபடி போகவும் கொஞ்சம் கனமான நாவல் என்றால் 300, 400 ரூபாய் ஆகிறது. அந்த விலைக்கு எனக்கு ஏற்கெனவே தெரிந்த எழுத்தாளரைத்தான் வாங்கத் தைரியம் வருகிறது. நூலகத்தில் அப்படி இல்லை. 40 பக்கம் பார்ப்பேன், பிடிக்கவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுவேன், யாருக்கும் நஷ்டமில்லை. நான் எடுத்ததில் மூன்றில் ஒன்றைப் பாதியில் விட்டிருக்கிறேன். அப்படி விட முடிந்ததால்தான் தெரியாத பெயர்களைத் துணிந்து எடுத்தேன்.

பழைய புத்தகக் கடைகளும் ஒரு வழியாக இருந்தது. என் அப்பா மூர் மார்க்கெட்டுக்குப் பையோடு போய்ப் பையோடு வருவார். அது 1985-இல் எரிந்தபோது எனக்கு 11 வயது. நாவலை முகர்ந்து பார்த்து வாங்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. அதற்குப் பிறகு திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, லஸ் முனை. இப்போது நடைபாதையில் நீட் புத்தகம் நிறைய கிடைக்கிறது, நாவலுக்குக் குனிந்து துழாவ வேண்டியிருக்கிறது. பெட்டிக்கடை வாசலில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள் எங்கள் பக்கம் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஷாம்பு பாக்கெட் சரம் தொங்குகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன, சந்தோஷம். நான் அடையாறிலிருந்து வீடு வந்து சேரும்போது மணி எட்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளில் மாவு அரைத்து, துணி துவைத்து, அம்மாவை டாக்டரிடம் காட்டி, அதற்குப் பிறகு நடந்து போகிற தூரத்தில் இருப்பதுதான் எனக்கு நூலகம்.

இதை எல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931-இல் எழுதிவைத்த ஐந்து விதிகளை உங்கள் அலுவலகத்தில் எல்லாரும் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. அந்த மூன்றாவது விதி நடக்க வேண்டுமானால் முதலில் செய்ய வேண்டியது என்று அவர் சொன்னது திறந்த அலமாரி. வாசகன் தானே அடுக்குகளுக்கு நடுவே நடந்து, தொட்டு, புரட்டி, வைத்துவிட்டு, வேறொன்றை எடுக்க வேண்டும் என்றார். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருக்கும் முறையை எதிர்த்து அவர் வாதாடியது இதே ஊரில். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் இதே சென்னையில் வந்ததிலும் அவர் பங்கு பெரியது. அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். அம்மா பெயரில் இருக்கும் 400 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு தவறாமல் நானும் கட்டுகிறேன். நாங்கள் கொடுக்கும் காசில் நடக்கும் இடத்தில் நடக்கவும் தொடவும் புரட்டவும் எங்களுக்கு இடம் இல்லை என்றால் என்ன நியாயம்?

ஃபோனில் பேசியவர் சொன்னதில் அந்தத் "தானே" என்கிற சொல் இன்னும் உறுத்துகிறது. நாவல்தானே. பரீட்சைப் புத்தகம் என்றால் வேலைக்கு, ஆன்மிகப் புத்தகம் என்றால் புண்ணியத்துக்கு, நாவல் என்றால் பொழுதுபோக்கு, அதனால் மாடிக்குத் தூக்கு. ஆமாம், பொழுதுபோக்குதான். நான் அறிவு வளர நாவல் படிக்கவில்லை, மொழி வளம் பெறப் படிக்கவில்லை, அப்படிப் பொய் சொல்லி அலமாரியைக் கேட்க மாட்டேன். நாள் முழுக்க அடுத்தவர்களின் ரத்தப் பரிசோதனைக்கு பில் போட்டுவிட்டு, கூட்ட நெரிசலில் ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்து, அடுத்த பக்கத்தில் என்ன ஆகுமோ என்று ஒன்றரை மணி நேரம் இருக்க முடிகிறதே, அதற்காகத்தான் படிக்கிறேன். அது போதாதா?

இன்னொரு வருத்தம். எங்கள் கிளைக்கு வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. விழா என்றால் நாற்காலி போடவும் சால்வை வாங்கவும் எங்களைக் கூப்பிடுகிறீர்கள். அலமாரியை எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. வட்டத்தின் தலைவரே என்னைப் போலத்தான் வந்து பார்த்துத் திகைத்து நின்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கூடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறி ஒவ்வோர் அலமாரியிலும் கீழ்த்தட்டு மூழ்கியது. தண்ணீர் வடிந்த மறுநாள் நாங்கள்தான் வந்தோம். ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, பவுடர் தூவி, கொடிக்கயிற்றில் புத்தகங்களைத் துணி மாதிரி தொங்கவிட்டு உலர்த்தினோம். ஒட்டிப்போன பக்கங்களைப் பிரிக்க மாமி வீட்டிலிருந்து தோசைக் கரண்டி கொண்டுவந்தார். இருநூறுக்கும் மேல் காப்பாற்றினோம். அந்தப் புத்தகங்கள்தான் இப்போது மாடியில் மூட்டையாகக் கிடக்கின்றன. மாடி அறையின் கூரை தென்மேற்கு மூலையில் ஒழுகும் என்பது நூலகத்துக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். ஐப்பசி மழைக்கு இன்னும் அதிக நாள் இல்லை. கரையானைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

என்ன வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன். வடக்குச் சுவர் ஓரத்தில் இருக்கும் உடைசல்களை அப்புறப்படுத்திவிட்டு நான்கு அலமாரிகளைத் திரும்பக் கீழே கொண்டுவாருங்கள். எட்டும் வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. நான்கில் நிற்கும் அளவுக்கு நாவல்களை வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாடியில் இருப்பதோடு மாற்றிக்கொண்டே வரலாம். பழையது இறங்குவதே எங்களுக்குப் புதியது வந்த மாதிரிதான். மழைக்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

நூலகர் அம்மா ஒட்டிய ஸ்டிக்கர் முறையை உங்கள் ஒப்புதலோடு நடக்க விடுங்கள். போன தணிக்கையின்போது அது விதிப்படி இல்லை என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி. விதிப்படி இருக்கும் எண்ணை யாரும் கிழிக்கவில்லை, அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டிக்கருக்கு ஆகும் காசை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். திரும்பி வந்த புத்தகங்களை உடனே அடுக்கிவிடாமல் ஒரு நாள் வாசல் மேசையில் பரப்பி வைக்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் என்ன படித்தார்கள் என்று பார்த்து எடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. புதிதாக நாவல் வாங்கும்போது, பெயர் தெரிந்த நான்கு பேரின் மறுபதிப்பையே திரும்பத் திரும்ப வாங்காமல், துப்பறிதலிலும் பேயிலும் அறிவியல் புனைகதையிலும் இப்போது எழுதுகிற புதியவர்களையும் வாங்குங்கள். யாரை என்று தெரியவில்லை என்றால் வாசலில் ஒரு நோட்டு வையுங்கள், வாசகர்கள் எழுதுவார்கள்.

மிக முக்கியமாக ஒன்று. மூட்டையில் இருப்பவற்றில் எதையும் "யாரும் கேட்கவில்லை" என்ற காரணத்தைக் காட்டிக் கழித்துவிடாதீர்கள். கண்ணில் படாத புத்தகத்தை யாரும் கேட்க மாட்டார்கள், அதை வைத்துக் கணக்கெடுத்தால் அத்தனையும் எடைக்குத்தான் போகும். கழிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் வாசகர் வட்டத்திடம் பட்டியலைக் காட்டுங்கள். இனி இந்தக் கிளையில் எதை எடுத்தாலும் எதை வைத்தாலும் வட்டத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அந்தக் குரூப் 2 பையன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

ஆள் இல்லை, மூட்டையை இறக்கக் கூலிக்கு நிதி இல்லை என்று பதில் வரக்கூடும் என்பதால் அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, யாருக்கும் இடைஞ்சல் இருக்காது. ஏழு பேர் வருகிறோம், இரண்டு பேருக்கு முதுகு வலி, மற்ற ஐந்து பேர் தூக்குவோம். நான் அன்றைக்கு லீவு போட்டுக்கொள்கிறேன். காலை ஒன்பது மணிக்கு மாடி அறைச் சாவி வேண்டும், அவ்வளவுதான். எந்த வெள்ளிக்கிழமை என்பதை அந்தத் தூணிலேயே, இப்போது இருக்கும் அறிவிப்பை எடுத்துவிட்டு, ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
வட சென்னையிலிருந்து ஒரு நாவல் வாசகி